அமெலியும் எண்பது இலட்சம் பேரும்

மக்கள் சிரிப்பதை மன்னிக்க முடியாத விமர்சகர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கின்றனர். அவர்களுட் பலர் நமது பக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் வருத்தத்துக்குரியது. ஒரு படத்தைப் பத்துப்பேர் பார்த்தால் அது கலை, பத்து இலட்சம் பேர் பார்த்தால் அது நசிவு என்றொரு வாய்பாட்டை இவர்கள் எங்கிருந்தோ மனனஞ் செய்து வைத்துள்ளனர். எதிர்முனையில் இன்னொரு சாரார் உளர். சிரிக்க வந்த இடத்தில் அரசியலை ஏன் இழுக்கிறீர்கள் என்று முகஞ் சுளிப்பவர்கள் அவர்கள். இவ்விரு சாராரும் நேருக்குநேர் மோதிக்கொண்ட சந்தர்ப்பமொன்று 2001ஆம் ஆண்டிற் பிரான்ஸில் ஏற்பட்டது. மோதலுக்குக் காரணமாயிருந்தது ஒரு விசித்திரமான நகைச்சுவைப் படம்.

ஜோன் பியேர் ஜெனே நெறிப்படுத்திய ‘அமெலி’ 2001 ஏப்பிரில் 25ஆம் திகதி பிரான்ஸிற் திரைக்கு வந்தது. அந்நாட்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைப் பார்த்தனர். ஜனாதிபதி சிராக் தமது எலிசே மாளிகையில் அதனைத் திரையிடுவித்துப் பார்த்தார். கான் திரைப்பட விழாவினர் அதனைத் தெரிவு செய்யவில்லை. ஆனால் கனடாவின் தொரன்ரோ விழாவிற் பொதுமக்கள் வாக்களித்து வழங்கும் பரிசு அதற்குக் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில், நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்து இரண்டு மாதங்கூட ஆகாத நிலையில், அமெரிக்காவில் வெளியிடப்பட்டபோது, அங்கு அதுவரை எந்தப் பிரெஞ்சு மொழிப் படத்துக்கும் கிடைக்காத வசூல் அதற்குக் கிடைத்தது.

கதை இதுதான். பரிஸ் நகரின் மொன்மார்த் குன்றில் ஒரு கோப்பிக் கடையிற் பரிமாறும் பெண் அமெலி. ஓட்றி தோத்து அப்பாத்திரமாக நடித்தார். இளவரசி டயானா இறந்த செய்தியைத் தொலைக்காட்சியிற் கேட்ட அதிர்ச்சியில் அவள் கையிலிருந்து ஒரு போத்தல் மூடி நழுவுகிறது. அது உருண்டு போய் முட்டிய இடத்திற் சுவரோடொன்று கழன்று, அதன் பின்னால் யாரோ ஒரு சிறுவன் பல ஆண்டுகளுக்கு முன் ஒளித்துவைத்த தகரப்பெட்டி அகப்படுகிறது. உரியவரைத் தேடி அதனைச் சேர்ப்பிக்கிறாள். அவர் கண்ணீர் விடுவதைக் கண்டதும், முகங்காட்டாமல் அயலவர்களுக்கு நன்மை செய்வதே தன் பணி என்று முடிவு செய்கிறாள். காதலும் நடுவில் வருகிறது. இவ்வளவையும் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கலந்த, மிட்டாய்க் கடை போன்ற ஒரு நிறவுலகிற் படம் காட்டுகிறது.

வெளிவந்து ஒரு மாதம் கழிந்தபின், மே 31ஆம் திகதி, ‘லிபராசியோன்’ பத்திரிகையில் சேர்ஜ் ககான்ஸ்கி என்ற விமர்சகர் கடுந்தாக்குதல் ஒன்றை எழுதினார். அப்பத்திரிகை 1973இல் சார்த்தர் முதலியோரால் தொடங்கப்பட்ட இடதுசாரி ஏடு என்பதை மறத்தலாகாது. இப்படத்தின் பரிஸில் அராபியர் இல்லை, கறுப்பர் இல்லை, சீனர் இல்லை. இனச்சுத்திகரிப்புச் செய்யப்பட்ட, பின்னோக்கிப் பார்க்கும் ஒரு பிரான்ஸ் இது. தீவிர வலதுசாரியான லு பென் தமது கட்சிக்கு ஒரு விளம்பரப் படம் தேடினால் இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். பின்னர் வாரக்கணக்காக வாதங்கள் நடந்தன. கடைப் பையன் லூசியனாக நடித்த ஜமெல் டெபூஸ் மொறொக்கோப் பெற்றோரின் பிள்ளையல்லவா என்றனர் படத்தின் பக்கத்தார். பையனுக்கு லூசியன் என்று பிரெஞ்சுப் பெயர் சூட்டியதே குற்றத்தை மெய்ப்பிக்கிறது என்று மறுபக்கத்தார் திருப்பியடித்தனர். இது தேவதைக் கதை, தேவதைக் கதையிற் சனத்தொகைக் கணக்கெடுப்பா என்று கேட்டோரே அதிகம்.

இந்தக் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். தேவதைக் கதையை ஒரு தேவதை நாட்டில் நடத்தியிருந்தால் நமக்கு வழக்கில்லை. ஜெனே அப்படிச் செய்யவில்லை. உண்மையான லெப்பிக் வீதியில் உண்மையான கோப்பிக் கடையிற் படம் பிடித்தார். கதை நிகழும் காலத்தையும் 1997 ஓகஸ்ட் என்று நாளோடு குறித்தார். பின்னர் அந்த வீதியிலிருந்து வாகனங்களை அகற்றினார். சுவர்க் கிறுக்கல்களை அழித்தார். வானத்தையும் கணினியின் துணையால் மாற்றினார். அமெலியின் வீட்டுக்குள் நிகழும் காட்சிகளோ ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கலையகத்திற் பிடிக்கப்பட்டவை. (பரிஸின் ஆன்மாவே இதுதான் என்று உருகியவர்கள் இதனையுங் குறித்துக்கொள்ளலாம்.) இடத்தின் பெயரையும் நாளையும் தானே சொல்லும் படத்திடம், அந்த இடத்தில் அந்த நாளில் யார் இருந்தனர் என்று கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு.

யார் இருந்தனர்? மொன்மார்த் குன்றின் கிழக்கு அடிவாரத்திற் பார்பெஸ் சந்தை. அதனை அடுத்து ஆபிரிக்க நாட்டவர் செறிந்து வாழும் கூத் டோர். அங்கே சென் பேர்னார் தேவாலயம். அமெலியின் கையிலிருந்து போத்தல் மூடி விழுவதற்கு ஒரு வருடத்துக்கு முன், 1996 ஓகஸ்ட் 23ஆம் திகதி, அந்தத் தேவாலயத்தின் கதவைக் கோடரியாற் பிளந்துகொண்டு பொலிசார் உள்ளே புகுந்தனர். வதிவிட உரிமை மறுக்கப்பட்ட ஏறத்தாழ 300 ஆபிரிக்கர், குழந்தைகளும் உட்பட, அங்கே தஞ்சம் புகுந்திருந்தனர். அவர்களுட் பத்துப்பேர் பல வாரங்களாக உண்ணாவிரதமிருந்தனர். உலகப் பத்திரிகைகளெல்லாம் அப்படங்களை வெளியிட்டன. அமெலியின் கோப்பிக் கடையிலிருந்து அந்தக் கதவுக்கு அரைமணி நேரத்துக்குள் நடந்து சென்றுவிடலாம். அவளோ டயானாவுக்காக அதிர்ச்சியடைகிறாள்.

இன்னும் சற்று நடந்தால் நம்மவர்களையும் சந்திக்கலாம். வடக்குப் புகையிரத நிலையத்தின் பின்புறத்தில் நம்மவர் லாச்சப்பல் என்று வழங்கும் பகுதி, 1983இன் பின்னர் ஈழத்திலிருந்து சென்ற தமிழரின் கடைத்தெருவாயிற்று. முருங்கைக்காயும் ஒடியல் மாவும் தமிழ்ப் பத்திரிகையும் அங்கே கிடைக்கும். அவ்வாறு சென்றவர்களின் முதல் வேலை பெரும்பாலும் உணவுச்சாலைகளின் பின்கட்டிற் கோப்பை கழுவுவதுதான். படத்தில் அமெலி எத்தனையோ கோப்பைகளைப் பரிமாறுகிறாள். அவற்றைக் கழுவுபவனைப் படம் காட்டவில்லை. அவளுடைய காதலன் நினோ, புகையிரத நிலையங்களிலுள்ள தானியங்கிப் படப்பெட்டிகளின் அருகே சனங்கள் கிழித்தெறிந்த முகப்படங்களைப் பொறுக்கி ஒட்டிச் சேர்க்கும் விநோதப் பழக்கமுடையவன். பரிஸுக்கு வந்து சேர்ந்த அகதி வதிவிட அட்டைக்காகத் தன் முகத்தைப் பிடிப்பதும் அதே போன்ற பெட்டிகளிலேதான். நினோவுக்கு அவை கிழிந்த முகங்களின் மர்மம். அகதிக்கோ படம் நன்றாக விழாவிட்டால் மறுபடியும் வரிசை.

ஆகவே ககான்ஸ்கியின் குற்றச்சாட்டு அடிப்படையற்றதன்று. பரிஸ் நகரத்தவர் இரவிற் பால் வாங்கவோ பழம் வாங்கவோ செல்லும் சிறுகடையை, அதனை நடத்துவோர் பெரும்பாலும் வட ஆபிரிக்கர் என்பதால், ‘மூலைக்கடை அராபியன்’ என்றே பேச்சில் வழங்குவர். இப்படத்திலோ மூலைக்கடைக்காரர் கொலினியோன் என்ற சுத்தப் பிரெஞ்சுக்காரர். டெபூஸ் அவரிடம் கூலிக்கு நிற்கும் அரைப்புத்திப் பையன். இதனைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

எனினும் விமர்சகர் படத்தோடு நின்றுவிடவில்லை. பார்த்தவர்களையும் சேர்த்தே கூண்டில் ஏற்றினார். இப்படத்தை நேசிப்பவன், தான் அறியாமலே லு பென்னின் பிரான்ஸை நேசிக்கிறான் என்று அவருடைய வாதம் முடிந்தது. அடுத்த ஆண்டில் அவரைத் தீர்க்கதரிசி என்று கருதியோரும் உண்டு. படம் வெளிவந்து ஓராண்டு நிறைவதற்கு நான்கு நாள்கள் இருக்கையில், 2002 ஏப்பிரில் 21ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலின் முதற் சுற்றில் லு பென் 16.86 சதவீத வாக்குகளைப் பெற்றுச் சோசலிஸ்ற் பிரதமர் ஜொஸ்பானைப் பின்தள்ளினார். பார்த்தீர்களா, அமெலியைப் பார்த்துச் சிரித்தவர்கள் செய்த வேலையை என்றனர்.

இது சோம்பேறித்தனமான வாதம். அமெலியின் சொந்த நகரமாகிய பரிஸில் லு பென்னுக்குப் பத்துச் சதவீதங்கூடக் கிடைக்கவில்லை. அவரை உயர்த்தியவை வடக்கிலும் கிழக்கிலும் சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்ட ஊர்கள், மற்றும் தெற்குக் கரையோரம். 1999இல் மிச்செலின் டயர்க் கம்பனி இலாபம் பெருகிய செய்தியையும் 7,500 தொழிலாளரைக் குறைக்கும் திட்டத்தையும் ஒருங்கே அறிவித்தபோது, எல்லாவற்றையும் அரசாங்கத்திடம் எதிர்பார்க்கலாகாது என்று தொலைக்காட்சியிற் சொன்னவர் யார்? அந்தச் சோசலிஸ்ற் பிரதமர்தான். அவ்வரசாங்கத்திற் பங்காளியாக இருந்த கம்யூனிஸ்ற் கட்சியின் வேட்பாளருக்கு 2002இற் கிடைத்தது 3.37 சதவீதம். 1981இல் அக்கட்சிக்கு 15 சதவீதத்துக்கு மேற் கிடைத்திருந்தது. இந்தக் கணக்கை விட்டுவிட்டு ஒரு கோப்பிக் கடைப் பெண்ணின் தலையிற் பழியைப் போடுவது எவருக்கு வசதியானது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

படத்தைப் பார்க்கச் சென்றவர்கள் எந்த வசந்தகாலத்தில் வாழ்ந்தனர் என்பதையும் விமர்சகர் கவனிக்கவில்லை. படம் வருவதற்கு ஒரு மாதம் முன்னர், 2001 மார்ச் இறுதியில், மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் என்னும் ஆங்கில வியாபார நிறுவனம் (நமது மார்க்ஸ் அல்லர்) பிரான்ஸிலிருந்த தனது 18 கடைகளையும் மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 1,700 பேரின் பிழைப்பு அதில் தங்கியிருந்தது. அதே மாதத்தில் டனோன் கம்பனி கலே நகரிலும் பரிஸின் புறத்தேயும் இருந்த தன் பிஸ்கற் ஆலைகளை மூடுவதாகச் சொன்னது. நட்டத்தினாலன்று, இலாபம் போதவில்லை என்பதனால். கலேயில் ஊர்வலம் நடந்தது. டனோன் பொருள்களை வாங்காதீர் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. ஊர்வலத்துக்குப் போனவர்களிற் சிலர் அடுத்த வாரம் அமெலிக்கும் போயிருப்பார்கள். 80 இலட்சம் பேர் பார்த்த படத்தைப் பார்த்தவர்களில் எல்லோரும் இருப்பார்கள். ஆசிரியரும் இருப்பர், பஸ் சாரதியும் இருப்பார், லு பென்னுக்கு வாக்களித்தவனும் இருப்பான், அவனை எதிர்த்து வீதியில் இறங்கிய மாணவியும் இருப்பாள். இத்தனைபேரின் சிரிப்புக்கும் ஒரே பொருளைக் கற்பிப்பவர் எந்தச் சிரிப்பையுங் காதாற் கேட்டவரல்லர்.

அவர்கள் எதற்காகச் சிரித்தனர்? படத்தின் சிறந்த நகைச்சுவைப் பகுதி கொலினியோனுக்கும் அமெலிக்கும் இடையில் நிகழும் ஒருபக்க யுத்தமே. இந்தப் பழமரக்கறிக் கடைக்காரர் தம்மிடம் வேலைசெய்யும் லூசியனை வாடிக்கையாளர் முன்னிலையில் ஓயாது இழிவுபடுத்துகிறார். பையன் பழங்களை அன்பாகத் தடவி எடுப்பதுங்கூட அவருக்குக் கேலிப்பொருள். அமெலி திருட்டுச் சாவியோடு அவருடைய வீட்டிற் புகுகிறாள். விழிப்பு மணிக்கூட்டின் நேரத்தை மாற்றுகிறாள். வீட்டுச் செருப்புக்குப் பதிலாகச் சிறிய அளவுச் செருப்பை வைக்கிறாள். பற்பசை இருந்த இடத்திற் பாதத்துக்குப் பூசும் களிம்பு. கதவின் கைபிடி தலைமாறி நிற்கிறது. தாயாரின் இலக்கத்தை அழுத்தினால் மனநோய் வைத்தியசாலை பேசுகிறது. மற்றவனின் புத்தியைப் பரிகசித்தவர் தமது புத்தியையே சந்தேகிக்கும் நிலைக்கு வருகிறார். இதற்குச் சிரிப்பவனைப் பிற்போக்குவாதி என்று எப்படிச் சொல்வது? முதலாளியின் ஏச்சைக் கேட்டுத் தலைகுனிந்து நின்ற எவனும் இவ்விடத்திற் சிரிப்பான். அந்தச் சிரிப்பிற் பழைய கணக்கொன்று இருக்கிறது. நமது கிராமங்களில் முதலாளியைப் பற்றியும் உடையாரைப் பற்றியும் வழங்கும் வேடிக்கைக் கதைகளிலே உள்ளதும் அதே கணக்குத்தான்.

நமக்குப் படத்தோடு பிணக்கு ஏற்படுவது இதற்குப் பின்னர். கொலினியோன் கலங்கிவிட்டார், சரி. லூசியனுக்கு என்ன கிடைத்தது? அவன் கூலி ஒரு சதமேனும் உயர்ந்ததாகப் படத்தில் இல்லை. தனக்காக எவளோ பழிவாங்கினாள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அமெலி அவனோடு பேசி ஒன்றுந் தீர்மானிப்பதில்லை. அவள் செய்யும் நன்மைகள் எல்லாவற்றுக்கும் இதுவே விதி. வாழ்வோர் அறியாமல், மேலேயிருந்து, ஒருத்தி அவர்களுடைய வாழ்வைத் திருத்துகிறாள். கண்பார்வையற்ற முதியவரைக் கையிற் பற்றித் தெருநெடுக இழுத்துச் சென்று, கடைகளில் உள்ளவற்றையெல்லாம் மளமளவென்று வருணித்து, சுரங்க ரயில் நிலையத்து வாயிலில் விட்டுவிட்டு மறைகிறாள். முதியவரின் முகம் ஒளிர்கிறது. அழகான காட்சிதான். ஆனால் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது முழுவதும் அவள் கையில் இருக்கிறது.

வாயிற் காவற்காரி மதலேனின் கதை இன்னும் தெளிவானது. அவளுடைய கணவன் இன்னொருத்தியோடு ஓடிப்போய் இறந்தவன். பல ஆண்டுகளாக அந்தத் துயரத்தோடு வாழ்பவளுக்காக, அவனுடைய பழைய கடிதங்களை வெட்டி ஒட்டி, திரும்பி வருகிறேன் என்று அவன் எழுதியதாகப் புதிய கடிதமொன்றை அமெலி தயாரிக்கிறாள். தபாலிற் காணாமற்போன கடிதம் என்று அது மதலேனிடம் வந்து சேர்கிறது. அவள் அதை வாசித்து நிம்மதியடைகிறாள். இப்படம் தனது இரசிகருக்கு அளித்ததும் இத்தகைய கடிதமே. அயலவர் அயலவரை அறிந்திருந்த, கடைக்காரனின் பெயரை எல்லோருந் தெரிந்திருந்த ஒரு பரிஸ் உங்களை மறக்கவில்லை, திரும்பி வருகிறது என்று கூறும் கள்ளக் கடிதம். ஆலை மூடப்பட்ட வசந்தத்தில் அதனை வாசித்தவர்கள் மகிழ்ந்தனர். ககான்ஸ்கி வந்து, இது போலி என்று கூவிக் கடிதத்தைப் பறித்தார். போலி என்பது உண்மை. ஆனால் மதலேனின் துயரம் போலியன்று. மதம் அபினி என்று மார்க்ஸ் எழுதியதை ஒப்பிக்கும் நம் தோழர்கள், அதே இடத்தில் அதனை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சாகவும் அவர் கண்டார் என்பதைச் சொல்லாமல் விடுவதுண்டு. பெருமூச்சு விடுபவனை ஏசுவது எந்த மார்க்ஸியத்தில் இருக்கிறது?

முகங்களை எண்ணிப் பார்க்கும் விமர்சனம் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பிற்காலம் காட்டிவிட்டது. 2011இல் வெளிவந்த ‘தீண்டமுடியாதோர்’ என்ற பிரெஞ்சு நகைச்சுவைப் படத்தை அந்நாட்டில் 1 கோடியே 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அதில் ஒரு கறுப்பர், ஒமார் சி, கதாநாயகருள் ஒருவர். புறநகரின் வறிய தொடர்மாடியிலிருந்து வரும் அவர், உடல் செயலிழந்த கோடீசுவரரைப் பராமரித்து அவரைச் சிரிக்கவைக்கிறார், நடனமாடிக் காட்டுகிறார். எண்ணிக்கைக் கணக்குச் சரியாகிவிட்டது. கோடீசுவரரின் மாளிகைக்கும் தொடர்மாடிக்கும் இடையே உள்ள கணக்கோ தொடப்படவேயில்லை. கறுப்பரை ஒளித்துவைத்த படத்தையும் கறுப்பரை ஆடவைத்த படத்தையும் ஒரே மக்கள் ஒரே மகிழ்ச்சியோடு பார்த்தனர் என்றால், முகங்களின் எண்ணிக்கையைவிடப் பெரிய ஏதோ ஒன்றை நாம் தேடவேண்டியுள்ளது.

லாச்சப்பல் தமிழனுங்கூட 2015இல் திரைக்கு வந்துவிட்டான். ஜாக் ஓடியார் எடுத்த ‘தீபன்’ கான் விழாவின் உயர்பரிசைப் பெற்றது. நம்மவரான எழுத்தாளர் ஷோபாசக்தி அதிற் பிரதான பாத்திரமேற்றார். மினுங்கும் விளையாட்டுப் பொருள்களை இரவிற் தெருவில் விற்பவனாகவும், பின் வன்முறை மிகுந்த புறநகர்த் தொடர்மாடியிற் காவற்காரனாகவும் அவன் வருகிறான். அமெலியின் வீட்டு வாயிற்காரி மதலேன் பார்த்த அதே வேலை! ஆனால் அவனுக்குக் கள்ளக் கடிதம் எழுதிக் கொடுக்க எவருமில்லை. அமெலிக்குக் கிடைத்த கூட்டத்தின் அருகிற்கூட அப்படம் செல்லவில்லை. அதற்காக மக்களை ஏச வேண்டியதில்லை. நம்மை அழச்செய்யும் படங்களிலும் அச்சுறுத்தும் படங்களிலும் மட்டும் அகதிக்கு இடமிருப்பதையும், மக்கள் மகிழ்ந்து கூடும் நகைச்சுவையில் அவனுக்கு இடமில்லாதிருப்பதையும் பற்றித்தான் பேசவேண்டும். அமெலியில் நினோவாக நடித்த மத்தியு கசோவிச் யார்? புறநகர் இளைஞரின் சினத்தை ‘வெறுப்பு’ என்ற பெயரிற் படமாக்கி 1995இற் கான் விழாவிற் சிறந்த நெறியாளர் பரிசு பெற்றவர். சினம் ஒரு படத்திலும் சிரிப்பு இன்னொரு படத்திலுமாக ஒரே மனிதரிடத்திற் பிரிந்து கிடந்தன.

இப்பிரிவு பிரெஞ்சுச் சினிமாவுக்கு எப்போதும் இருந்ததன்று. ஜெனேயின் படம் ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கும் அந்தப் பழைய முற்றங்களும் மாடிப்படிகளும் முப்பதுகளின் சினிமாவுக்குரியவை. அக்காலத்திற் ஜோன் ரெனுவார், கவிஞர் ஜாக் பிரெவரோடு சேர்ந்து ஆக்கிய ‘மொசியே லாஞ்சின் குற்றம்’ 1936 ஜனவரியில், மக்கள் முன்னணி தேர்தலில் வெல்வதற்குச் சில மாதங்களுக்கு முன், வெளிவந்தது. அதுவும் விசித்திரமான நகைச்சுவைப் படமே. அங்கும் ஒரே முற்றத்தில் அச்சகம், சலவைக்கடை, வாயிற் காவற்காரன், குடிகாரன் என்று எல்லோரும் இருக்கின்றனர். அச்சக முதலாளி பத்தலா மோசடிக்காரன். கடன்காரருக்கு அஞ்சி ஓடுகிறான். ரயில் விபத்தில் இறந்தான் என்று செய்தி வருகிறது. தொழிலாளர் கூட்டுறவாக அச்சகத்தை ஏற்று நடத்துகின்றனர். லாஞ்ச் எழுதும் அரிசோனாக் குதிரைவீரன் கதைகள் அமோகமாக விற்பனையாகின்றன. வேடிக்கை, பாட்டு, காதல், விருந்து எல்லாம் உண்டு. அப்போது பத்தலா பாதிரியார் உடையில் உயிரோடு வந்து நிற்கிறான். தன் சொத்தைக் கேட்கிறான். லாஞ்ச் அவனைச் சுட்டுவிடுகிறான்.

இக்கதை முழுவதையும் நாட்டின் எல்லையோரத்து விடுதியொன்றிலே, லாஞ்சோடு தப்பியோடும் சலவைக்கடைக்காரி வலன்ரைன் அங்கிருந்த சாதாரண மனிதருக்குச் சொல்வதாக அமைத்திருக்கிறார் ரெனுவார். அவர்கள் கேட்கின்றனர், பொலிசுக்கு அறிவிப்பதா, போகவிடுவதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவர்களுடையது. போகவிடுகின்றனர். அமெலி தன் இரசிகரிடம் எதையுந் தீர்மானிக்கும்படி கேட்பதில்லை. அவர்களுக்காக எல்லாவற்றையும் அவளே தீர்த்துவைக்கிறாள். சிரிக்கத் தெரிந்த மக்கள் இரு காலத்திலும் இருந்தனர். முன்னையவர்களை நீதிபதிகளாக மதித்த ஒரு கலை, ஒரு பெரிய இயக்கத்தின் அருகில் நின்று பிறந்தது. 2001இல் அந்த இயக்கம் எங்கே இருந்தது என்பதைத்தான் லிபராசியோனில் எழுதியவர் கேட்டிருக்க வேண்டும்.

லாஞ்ச் படம் ஏறத்தாழ 80 நிமிடம் ஓடுவது. அமெலி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கல்லூரி ஒன்றின் திரைப்பட வட்டம் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் இரண்டையும் காட்டிவிடலாம். படம் தொடங்குமுன் நசிவைப் பற்றி ஆசிரியர் விரிவுரை நிகழ்த்துவதைத் தவிர்ப்பது நன்று. முடிந்தபின், எந்த எந்த இடத்திற் சிரித்தீர்கள் என்று மாணவரிடம் முதலிற் கேட்கட்டும்.